இரண்டாம் முறை இறுக்குதல்

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டுக் கார். என் தந்தையார் வாங்கியது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓட்டப்பட்ட யாழ்ப்பாணத்துக் கார்களுள் இதுவும் ஒன்று. அந்நாளில் இயந்திரம் உள்ளே தட்டும் ஓசையைக் கேட்டுத் தந்தையார் முகம் சுளிப்பார். அவ்வளவையும் தாங்கிய இயந்திரத்தைப் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலே பழுதாக்கியவன் நான்.

கார்த்திகை மாதம் றேடியேற்றரில் நீர் காரணமின்றிக் குறையத் தொடங்கியது. மூடியைத் திறந்தால் குமிழிகள். எங்கள் ஊர்க் கராச்சிலுள்ள மெக்கானிக் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட் காஸ்கற் போயிட்டுது, மாஸ்ரர்" என்றார்.

நான்கு சிலிண்டர்களையும் மேலிருந்து மூடும் வார்ப்பிரும்புப் பாகமே ஹெட். அதற்கும் கீழுள்ள புளொக்குக்கும் இடையே கிடப்பது காஸ்கற் என்னும் மெல்லிய தகடு. எரியும் வாயுவை அது சிலிண்டருக்குள் அடக்க வேண்டும். குளிர்விக்கும் நீரையும் உராய்வைத் தடுக்கும் எண்ணெயையும் தத்தம் துவாரங்கள் வழியே விட வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கவும் கூடாது.

அண்ணை புதிய காஸ்கற்றை வைத்து, ஒன்பது நட்டுகளையும் முறுக்குவிசை காட்டும் ஸ்பனரால் இறுக்கினார். நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கிச் சென்றார். பாய் விரிக்கும்போது சுருக்கத்தை வெளியே தள்ளுவது போல. ஒரேயடியாக அல்ல, மூன்று தவணையாக. முடிவான அளவு 40 அடி-இறாத்தல்; அதாவது, ஓரடி நீளமான பிடியின் நுனியில் 40 இறாத்தல் பாரத்தைத் தொங்கவிட்டாற் போன்ற விசை. கார் கிளம்பியது. காசைக் கொடுத்தேன்.

"இருநூறு மைல் ஓடிப்போட்டுக் கொண்டு வாங்கோ, மாஸ்ரர். திரும்ப ஒருக்கா இறுக்க வேணும்" என்றார். தலையசைத்தேன். நன்றாக ஓடுகின்ற காரை யார் கராச்சுக்குக் கொண்டு போவார்கள்? இன்னொரு முறை காசு வாங்குவதற்கான வழி இது என்றும் மனத்துக்குள் எண்ணினேன். அதை இங்கே மறைப்பதிற் பயனில்லை.

மார்கழித் திருவாதிரையன்று, எண்பத்திரண்டு வயதான என் தாயாரை ஈழத்துச் சிதம்பரத்துக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டேன். விடியுமுன் பொன்னாலைப் பாலத்தின் நடுவே வெண்ணிற ஆவி எழுந்து கண்ணாடியை மறைத்தது, இயந்திரம் நின்றது. இரு புறமும் நீர்தான். ஆனால் றேடியேற்றருக்கு உதவாத உப்பு நீர். காரைநகரை நோக்கிப் போன வாகனங்களில் ஏற இடமில்லை. தாயார் வாடைக்காற்றில் ஒரு மணி நேரம் காருக்குள் இருந்தார். பின்பு கிடைத்த ஓட்டோவோ வீட்டுப் பக்கம் திரும்பியது. தரிசனம் தவறிய துயரை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வழி முழுவதும் பேசாமல் வந்தார்.

காரை இழுத்துக்கொண்டு கராச்சுக்குப் போனபோது அங்கே நான்கைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னிலையிலேயே, "நீங்கள் போட்ட காஸ்கற் ஒரு மாதம் தாங்கேல்லை" என்று சத்தமிட்டேன். அண்ணை மறுமொழி கூறாது மைல்மானியைப் பார்த்தார். 412 மைல் ஓடியிருந்தது. பின் ஸ்பனரை என் கையிலே தந்து, "நீங்களே பாருங்கோ" என்றார். ஒன்பதில் ஆறு நட்டுகள் 25 அடி-இறாத்தலுக்கே அசைந்தன.

முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவனுக்கு இது விளங்காத விஷயமல்ல. செம்புத் தகடும் மென்மையான நாரும் சேர்ந்த காஸ்கற், வெப்பத்தாலும் பாரத்தாலும் முதல் சில நாட்களில் நசிந்து சற்றே மெலியும். இறுக்கப்பட்ட ஸ்ரட்டோ இழுபட்ட சுருள்வில்லைப் போன்றது. காஸ்கற் மெலிய, அதன் இழுவை தளரும். நட் கழன்றிருக்காது, இருந்த இடத்திலேயே இருக்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. (புதிய கார்கள் பலவற்றில் உருக்குத் தகடுகளாலான காஸ்கற்றே உண்டு, அவற்றை மறுபடி இறுக்க வேண்டியதில்லை. சிலவற்றில் இறுக்குவது தவறுங்கூட. பழைய காருக்குப் பழைய விதி.)

ஹெட்டைக் கழற்றினோம். இரண்டு சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய விளிம்பில் காஸ்கற் எரிந்து கறுத்திருந்தது. நல்ல காலமாக ஹெட் வளையவில்லை.

மறுபடி பூட்டி, இம்முறை 200 மைல் ஓடியதும், இரவு முழுவதும் காரை ஆறவிட்டுக் காலையிலே கொண்டு போனேன். அண்ணை ஒவ்வொரு நட்டின் மீதும் சோக்கினால் ஒரு கோடு கீறினார். ஒரு நட்டைச் சிறிதே தளர்த்தி, பின் 40க்கு இறுக்கி, அதன் பின்னரே அடுத்ததைத் தொட்டார். தளர்த்தாமல் இறுக்கினால், நிலையுராய்வு நட்டைப் பிடித்து வைத்திருக்க, அது அசையுமுன்பே ஸ்பனர் 40 என்று பொய் சொல்லும். இறுக்கி முடித்தபோது சோக்குக் கோடுகள் யாவும் பழைய இடத்தைத் தாண்டி நின்றன. சில, விரல் நகத்தின் அகலத்துக்கு.

வேலை அத்துடன் முடியவில்லை. வால்வுகளை அழுத்தும் றொக்கர்களின் தாங்கிகளும் அந்த ஒன்பது ஸ்ரட்டுகளுள் நான்கிலேயே பூட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே ஹெட்டை இறுக்கினால் வால்வு இடைவெளியும் மாறும். அதை 12 தௌவுக்கு, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்குக்கு, மறுபடி வைக்க வேண்டும். இதற்கு அண்ணை கைக்கொண்ட கணக்கு என்னை மகிழ்வித்தது: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் முதலாவதைச் சரிசெய், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. வகுப்பிலே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

அன்று கூலியாக அவர் எதுவும் வாங்கவில்லை. "அது முதல் வேலையிலை சேர்ந்தது" என்றார். அன்றைக்குச் சத்தமிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். கராச்சிலே அவருடைய பையனைத் தவிர வேறொருவரும் இல்லை. நான்கைந்து பேர் நிற்கையில் கேட்டிருக்க வேண்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயாரைக் காரைநகருக்கு அழைத்துச் சென்றேன். திருவாதிரை முடிந்து வெகுநாளாகியிருந்தது. கோயில் வீதியிலே கூட்டம் இல்லை.