ஙொய்ச் சத்தத்தின் முகவரி

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்று முதல் ராஜபாளையத்தின் காதுகள் சுழலும் இயந்திரங்களோடு பழகியவை. இன்றைய நூற்பாலையின் ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு பேரிங் கிரீஸ் வறண்டு கத்துவதை அனுபவப்பட்ட ஃபிட்டர் பிரித்தறிந்துவிடுவார். ஆனால் அவருடைய காரில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு சத்தம் ஙொய்யென்று ஏறி, காலை எடுத்ததும் இறங்கினால், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவரும் திகைத்துத்தான் நிற்பார். சத்தம் இடப்பக்கம் வருகிறதா, வலப்பக்கமா என்றே சொல்ல முடியாது.

அது காதின் குறை இல்லை. ஒலியின் திசையை நாம் இரண்டு வழிகளில் அறிகிறோம் என்று 1907-இல் இயற்பியலாளர் ராலே பிரபு விளக்கினார். தாழ்ந்த ஒலி இரு காதுகளையும் வந்தடைவதில் உள்ள நேர வித்தியாசம் ஒரு தடயம். உயர்ந்த ஒலியைத் தலை மறைப்பதால் ஒரு காதில் அது குறைந்து கேட்பது இன்னொன்று. 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு தடயங்களுமே தெளிவில்லாமல் போகின்றன. அங்கே அலைநீளம் ஏறக்குறைய நம் தலையின் அகலம்தான். எஞ்சினின் ஙொய்ச் சத்தம் பல நேரம் அந்த எல்லைக்குள் விழுகிறது.

ஆகவே எங்கிருந்து வருகிறது என்பதைவிட, எதைச் செய்தால் மாறுகிறது என்று பார்ப்பதுதான் நல்ல வழி. கார் நிற்கும்போதே, நியூட்ரலில் ரேஸ் கொடுத்ததும் சத்தம் ஏறினால், குற்றவாளி எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்று. ஓடும்போது மட்டும் வந்து, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால் வீல் பேரிங்கையும் கியர்பாக்ஸையும் பார்க்க வேண்டும். ஐடிலில் க்ளட்ச்சை மிதித்ததும் சத்தம் பிறந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும்போது முனகினால் பவர் ஸ்டீயரிங் பம்ப்பில் ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கலாம். மோட்டாரில் இயங்கும் ஸ்டீயரிங் உள்ள புதிய கார்களில் அந்தப் பம்ப்பே கிடையாது.

எஞ்சினோடு சேர்ந்து சுழல்பவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். புல்லி சிறியது என்பதால் ஆல்டர்னேட்டர் இரண்டரை மடங்கு வேகத்தில், அதாவது 2,000 சுற்று, நொடிக்கு 33 சுற்று சுழலும். பல ஆல்டர்னேட்டர்களில் காந்த விசை ஒரு சுற்றுக்கு 36 முறை துடிக்கும். 33-ஐ 36-ஆல் பெருக்கினால் சுமார் 1,200 ஹெர்ட்ஸ். எஞ்சினை 1,600-க்கு ஏற்றினால் 2,400, சரியாக ஒரு ஸ்தாயி மேலே. செல்போனில் அலைவரிசை காட்டும் செயலி இருந்தால் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டதும் சத்தம் கனத்தால் அது காந்தத்தின் குரல். மாறாமல், அடியில் ஒரு கரகரப்போடு ஒலித்தால் பேரிங் மீது சந்தேகப்படலாம்.

இடமும் ஏமாற்றும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் கண்ணாடியை இறக்கி ஓட்டும்போது சுவர்கள் எதிரொலித்துச் சத்தம் பெரிதாகும். ஊரைத் தாண்டி ராஜபாளையம் சாலைக்கு வந்ததும் அது திறந்தவெளியில் கரைந்துபோகும். கோளாறு தானே சரியாகிவிட்டது என்று பலர் நினைப்பது அங்கேதான்.

மெக்கானிக் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் மீது ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்துகிறாரே, அது வெறும் வழக்கமில்லை. உலோகத்தில் பிறக்கும் அதிர்வு காற்றுக்குள் தாவும்போது பெரும்பகுதி திரும்பி உலோகத்துக்குள்ளேயே போய்விடுகிறது. அப்படி உள்ளே தங்கியதை ஸ்க்ரூ டிரைவர் நேராக எலும்புக்குக் கொண்டுவருகிறது. 1816-இல் பாரிஸில் மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இதே தேவைக்காகத்தான். சுழலும் பெல்ட் அருகே துண்டும் தொங்கும் சட்டைக் கையும் மட்டும் வேண்டாம்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், பெல்ட்டைக் கழற்றிச் சில நொடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டலாம். சில கார்களில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது என்பதால் நீடிக்கக் கூடாது. சத்தம் நின்றுவிட்டால், எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். மணல் கடிப்பதுபோல் விரலில் தட்டுப்படுவதுதான் கெட்டுப்போன பேரிங். அதன் விளிம்பில் 6303 என்று இருந்தால் உள்துளை 17, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மில்லிமீட்டர். அந்த எண்ணைச் சொன்னால் போதும், கார் எந்தக் கம்பெனி என்று பேரிங் கடைக்காரர் கேட்கத் தேவையில்லை.