முதல் மழையைத் தனியே பிரியுங்கள்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, மழைநீர் வடிகால் என்றாலே தண்ணீரைச் சீக்கிரம் ஊரைவிட்டு வெளியேற்றும் வேலை என்று நம் மனதில் பதிந்துவிட்டது. சென்னைக்கு அது சரி. விருதுநகர் மாவட்டத்துக்குச் சரிவராது. இங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான் மழை. அதிலும் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தத் தண்ணீர் கண்மாய்க்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி வட்டாரத்தில் பெய்யும் மழை முழுவதையும் கண்மாய்க்குள் விடலாமா? கூடாது. எந்த மழையை உள்ளே விடுவது, எதை ஒதுக்குவது என்று கணினியில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் இங்கே வடிகால் கட்ட வேண்டும்.

இதற்குக் காரணம் பட்டாசு மருந்தில் சேரும் பெர்குளோரேட் உப்பு. அது தண்ணீரில் எளிதாகக் கரையும், காய்ச்சினாலும் போகாது. உடலுக்குள் சென்றால் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் கிடைக்காமல் தடுக்கும். இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் அது கலந்திருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. கோடை முழுவதும் தரையிலும் கூரையிலும் படிகிற தூசியை முதல் மழை கழுவி எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. அடுத்தடுத்து வரும் மழையில் அவ்வளவு அழுக்கு இருக்காது. ஆகவே முதல் மழையைத் தனியே பிரிப்பதுதான் முக்கியம். ஒரு ஹெக்டேரில் பெய்யும் 10 மில்லிமீட்டர் மழை ஒரு லட்சம் லிட்டர். எந்தெந்த ஆலை வளாகங்களிலிருந்து எவ்வளவு நீரை, எத்தனை நிமிடம் ஒதுக்க வேண்டும் என்பதைக் கண்மதிப்பில் சொல்லிவிட முடியாது.

இந்தக் கணக்கைப் போடவே ஒரு மென்பொருள் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971-இல் உருவாக்கி, இன்றுவரை இலவசமாகத் தரும் 'ஸ்வம்' அது. ஊரைச் சிறு சிறு நீர்ப்பிடிப்புத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பு, சரிவு, மண், கான்கிரீட் மூடிய அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், எந்த வாய்க்காலில் எந்த நேரத்தில் எவ்வளவு நீர் ஓடும் என்று சொல்லும். வறண்ட நாட்களில் தூசி சேர்வதையும் மழையில் அது கரைந்து போவதையும்கூடக் கணக்கிடும். பைத்தான் மொழியிலுள்ள 'பைஸ்வம்' என்ற கருவியைச் சேர்த்துக்கொண்டால், ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும்போதே நீர்மட்டத்தைப் படித்து ஷட்டரைத் திறந்தும் மூடியும் பார்க்கலாம். முதல் 20 நிமிட நீரைத் தனிக் குட்டைக்குத் திருப்பினால் என்ன ஆகும், 40 நிமிடமானால் என்ன ஆகும் என்று ஒரே இரவில் நூறு விதமாகச் சோதிக்கலாம். இப்படி நீரோட்டத்தை அளந்து இயக்குவது வெறும் கற்பனையல்ல. அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரம் சாக்கடைகளில் 100-க்கும் மேற்பட்ட உணரிகளைப் பொருத்தி, கழிவுநீர் ஆற்றில் வழிவதைப் பெருமளவு குறைத்திருக்கிறது.

நம்மிடம் தரவு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாள் மொத்த மழையளவு இதற்குப் போதாது. 6 சென்டிமீட்டர் ஒரு மணி நேரத்தில் கொட்டினால் வரும் நீர் வேறு, நாள் முழுக்கத் தூறினால் வரும் நீர் வேறு. தானியங்கி மழைமானிகள் வேண்டும். ஓடையின் அடிமட்டத்தையும் கலுங்கின் உயரத்தையும் அளக்க வேண்டும். ஆனால் கான்கிரீட் கட்டும் செலவோடு பார்த்தால் இது சிறு செலவே. குப்பை அடைத்த வாய்க்காலுக்கு மென்பொருள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. தூர்வாராமல் எந்தக் கருவியும் பயன் தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தானாக இயங்கும் ஷட்டரும் கட்டாயமில்லை. திறக்க வேண்டிய நேரம் மடையைக் கவனிப்பவரின் கைப்பேசிக்கு வந்துவிட்டால் போதும். உண்மையிலேயே கடினமான பகுதி, ஒதுக்கிய நீரை என்ன செய்வது என்பதுதான். குட்டையில் தேக்கிவைப்பதால் மட்டும் பெர்குளோரேட் அழிந்துவிடாது. அடியில் தார்ப்பாய் விரித்து, நிலத்தில் இறங்காமல் இந்த ஊர் வெயிலில் வற்றவிட்டு, படிவதைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். அந்தச் செலவைப் பட்டாசுத் தொழில்தான் ஏற்க வேண்டும். குடிநீருக்குக் குடம் தூக்குகிறவர்கள் அல்ல.

சிவகாசி 2021-இல் மாநகராட்சியானது. மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. மாநகராட்சியும் கல்லூரியும் சேர்ந்து, அடுத்த ஐப்பசிக்குள் ஒரே ஓர் ஓடையையும் அது சேரும் கண்மாயையும் அளந்து கணினியில் ஏற்றட்டும். மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.