உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி மூடியும் பித்தளைத் துணுக்கும்!

1/72 அளவு மாடல் விமானத்தில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் 72 மில்லிமீட்டர்! பின்னால் வரும் எதிரியைப் பார்க்க, ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் முன்கண்ணாடிக்கு மேலே குட்டிக் கண்ணாடி ஒன்று உண்டு. அதை இந்த அளவுக்குச் சுருக்கினால் ஓர் அரிசிமணி நீளம்கூட வராது!

அந்தத் துணுக்கைப் பித்தளையில் செய்கிறார்கள். கத்தரியும் இல்லை, உளியும் இல்லை! தகட்டின் மேல் ஒளி உணரும் பூச்சு. அதில் படம் பதிப்பு. மிச்சத்தை ஃபெரிக் குளோரைடு கரைசல் அரித்துத் தின்றுவிடும். தகட்டின் தடிமன்? பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான்!

அதை விமானி தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடியில் ஒட்ட வேண்டும். மாடல் செய்பவர்கள் தினமும் தொடும் பிளாஸ்டிக் சிமெண்ட் இங்கே செல்லாது! அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் சரக்கு. பித்தளை கரையுமா என்ன?

சரி, ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் பசை? நொடியில் ஒட்டும். ஆனால் பசையிலிருந்து கிளம்பும் ஆவி மூடியில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானியே தெரியமாட்டார்!

இதே ஆவி போலீசுக்குக் கண்கண்ட துணை! கைரேகை ஈரத்தில் படிந்து ரேகையை வெள்ளையாக எழுப்பிக் காட்டும். 1970-களின் கடைசியில் ஜப்பான் போலீஸ் இதைக் கையில் எடுத்தது!

இப்போது உச்சக்கட்ட ஆச்சரியம். இந்தப் பசை எதைத் தேடும்போது மாட்டியது தெரியுமா? 1942-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர், துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார். கிடைத்த சரக்கு தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டது. தொல்லை என்று ஒதுக்கிவிட்டார்! 1951-இல் அவருடைய குழு மறுபடி அதைத் தொட்டது. இந்த முறை தேடியது என்ன? ஜெட் விமானத்தின் கண்ணாடி மூடிக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக்! ஃபிரெட் ஜாய்னர் அதை ஒளிவிலகல் அளக்கும் கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே வைத்தார். விலையுயர்ந்த பட்டகங்கள் பிரியவே இல்லை! 1958-இல் கடைக்கு வந்தது, பெயர் ஈஸ்ட்மன் 910. நிஜ மூடிக்கான தேடலில் கிடைத்த பசை, மாடல் மூடிக்குப் பரம எதிரி! இதைவிட அழகான தகவல் இந்த வாரம் எனக்குக் கிடைக்கவில்லை!

அப்படியென்றால் யார் காப்பாற்றுவது? நம் வீட்டு ஃபெவிகால் இனத்து வெள்ளைப் பசை! அதன் மூலப்பொருளான பாலிவினைல் அசிடேட்டை ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடித்தது 1912-இல்!

பல்குச்சி நுனியில் ஒரு துளி. மூடியில் புள்ளி வைத்து, ஈரப் பல்குச்சியில் துணுக்கைத் தொட்டெடுத்து மேலே உட்கார வைத்தால் போதும். கோணலா? அவசரமே இல்லை, நகர்த்தி நேராக்கலாம். ஓரத்தில் பிதுங்கியதை ஈரத் தூரிகையால் துடைத்துவிடலாம். பால்போல் இருந்த புள்ளி காயக் காய மறைந்து, கண்ணாடிபோல் தெளிந்துவிடும். ஆவியும் இல்லை, பூப்பதும் இல்லை!

தரைக்குப் பூசும் அக்ரிலிக் பாலிஷில் மூடியை முக்கி எடுப்பவர்களும் உண்டு. மெல்லிய கீறல்கள் மறையும், மூடி மினுங்கும். காயாத பாலிஷே சிறு துணுக்குகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்!

வளைந்த மூடியா? பித்தளை வளையாமல் துள்ளும். முதலில் நெருப்பில் காட்டி ஆறவிட்டால் பணிந்துவிடும். மூடியில் ஒட்டிய பிறகு அந்தப் பேச்சே கூடாது! பித்தளை இளகக் கேட்கும் சூடு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல். பாலிஸ்டைரீன் மூடி தளர ஏறத்தாழ 100 டிகிரியே போதும்!