உளநோயும் மூளையின் அழலும்

உடல்நோய் உற்றவனைக் கண்டு இரங்கும் உலகம், உளநோய் உற்றவனைக் கண்டு அஞ்சுகின்றது. சில வேளைகளில் நகைக்கவுஞ் செய்கின்றது. பேயின் செயலென்றும், முன்னை வினையின் பயனென்றும், பெற்றோர் வளர்த்த முறையின் குற்றமென்றும் அதற்குக் காரணங் கூறுவார் பலர். இக்கூற்றுக்களால் நோயாளி பெற்ற நன்மை யாதுமில்லை. அவனும் அவன் குடும்பத்தாரும் நோயோடு நாணத்தையுஞ் சேர்த்துச் சுமந்ததே கண்ட பலன். ஆதலின், உளநோய்க்கு உடலிலே காரணந் தேடும் விஞ்ஞானிகளின் முயற்சி ஆய்வுகூடத்தின் சுவர்களுக்குள் அடங்கும் ஒன்றன்று. அத்தகைய முயற்சிகளுள் ஒன்று, சுவிற்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் நரம்பியல் அறிஞர் கிம் டோ அம்மையாரும் அவர்தங் குழுவினரும் பல்லாண்டுகளாக நடாத்திய ஆராய்ச்சியாகும்.

அவ்வாராய்ச்சியின் நடுப்பொருள் உளப்பிளவை நோய். இந்நோய்க்கு மேலைநாட்டு வைத்தியர் வழங்கும் பெயரை 1908ஆம் ஆண்டிற் சூட்டியவரும் சுவிற்சர்லாந்து நாட்டினரே; அவர் ஒயிகன் புளொய்லர் என்பார். ஒருவனுள் இருவர் வாழ்தலே இந்நோய் எனப் பொதுமக்கள் கருதுவது பிழையாகும். எண்ணம், உணர்ச்சி, செயல் என்பவற்றின் இசைவு குலைதலையே அப்பெயர் குறித்தது. இல்லாத குரல்களைக் கேட்டலும், ஆதாரமற்ற ஐயங்களை உறுதியாக நம்புதலும் ஒருவகைக் குறிகள். ஊக்கங் குன்றல், உறவினரை விட்டொதுங்கல், முகத்தில் உணர்ச்சி வற்றல் என்பன மற்றொரு வகை. கவனமும் நினைவாற்றலும் தளர்தல் மூன்றாம் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இந்நோயுடன் வாழ்கின்றனர். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் இது தலைகாட்டுகின்றது. அஃதாவது, மாணவப் பருவமும் அதனை அடுத்த பருவமுமே இதன் வாயில்.

1952ஆம் ஆண்டில் பாரிசு நகர வைத்தியர்கள் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்தை உளநோயாளர்க்கு அளித்துப் பயன் கண்டனர். அம்மருந்தும் அதன் வழிவந்தனவும் மூளையில் டோபமின் என்னும் பொருளின் செயலைத் தடுப்பன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இவை முதல்வகைக் குறிகளைப் பெரிதுந் தணிக்கின்றன. ஏனைய இருவகைக் குறிகளுக்கு அவற்றாற் கிடைக்கும் பயன் சிறிதே. குரல்கள் அடங்கிய பின்னும் படிப்புக்கோ தொழிலுக்கோ மீள இயலாது பலர் தவிப்பதற்கு இதுவே காரணம். ஆகவே, டோபமினுக்கு அப்பாலும் காரணந் தேடவேண்டியதாயிற்று.

அக்காரணத்தை உணர்தற்கு ஒட்சியேற்றம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். விறகு எரிதலும் இரும்பு துருப்பிடித்தலும் ஒட்சியேற்றமே. உடற்கலங்களும் உணவை ஒட்சியேற்றியே சத்தியைப் பெறுகின்றன. உடலின் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைச் செலவிடுகின்றது. எரியும் அடுப்பிலிருந்து பொறி தெறிப்பதுபோல, இத்தொழிலின்போது தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் துணிக்கைகள் தெறிக்கின்றன. அளவோடிருப்பின் அவை கலங்களிடையே செய்தி பரப்பவும் உதவும். அளவு மீறின் புரதத்தையும் கொழுப்பையும் மரபுப்பொருளையும் சிதைக்கும். இம்மீறலே ஒட்சியேற்ற நெருக்கடி எனப்படும். இதனைத் தடுக்கும் காவலருள் தலையாயது குளுட்டாதயோன். 1921இல் ஆங்கில விஞ்ஞானி ஹொப்கின்ஸ் இதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். குளுட்டாமிக்கமிலம், சிஸ்ரெயின், கிளைசீன் என்னும் மூன்று அமினோவமிலங்கள் இணைந்து இஃது ஆகின்றது.

கிம் டோ அம்மையாரும் உடனாய்வாளரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இப்பொருளைப் பற்றியதே. உளப்பிளவை நோயாளரின் மூளை முண்ணாண் பாய்பொருளிற் குளுட்டாதயோன் 27 சதவீதம் குறைந்திருந்தது. காந்தப் பரிவு முறையினால் உயிருள்ள மூளையை அளந்தபோது, நெற்றியின் பின்னுள்ள மூளைப்பகுதியில் 52 சதவீதக் குறைவு காணப்பட்டது. குளுட்டாதயோனை ஆக்கும் நொதியத்துக்குரிய மரபலகின் சில வேறுபாடுகள் நோயாளரிடையே மிகுதியாக உள்ளன என்பதையும் அக்குழுவினர் 2007இல் எடுத்துக்காட்டினர். பிற ஆய்வுகூடங்களின் அளவீடுகள் சிலவற்றில் இக்குறைவு சிறிதாகவே தோன்றிற்று, சிலவற்றில் தோன்றவேயில்லை. எல்லா நோயாளரிடத்தும் இக்குறை ஒரே அளவினதன்று என்பதே இதனாற் பெறப்படுவது.

காவற்பொருள் குறையின் முதலிற் கேடுறும் கலம் எது? மூளையிற் சில நரம்புக் கலங்கள் பிற கலங்களைத் தூண்டுவன; சில அடக்குவன. அடக்கும் கலங்களுள் ஒருவகை பார்வல்புமின் என்னும் புரதத்தை உடையது. இது மிகுந்த விரைவுடன் தொழிற்பட்டு, எண்ணற்ற கலங்களை ஒரே ஒழுங்கில் இயங்கச் செய்கின்றது. இசையரங்கிற் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒன்றுபட்டுச் செல்லத் தாளம் எவ்வாறு இன்றியமையாததோ, அவ்வாறே கவனத்துக்கும் நினைவுக்கும் இக்கலங்களின் தாளம் இன்றியமையாதது. விரைந்து தொழில் புரிவதால் இவை சத்தியை மிகுதியாகச் செலவிடுகின்றன; ஆதலின் ஒட்சியேற்றத்தாற் கேடுறுவதும் இவையே. இவற்றைச் சூழ்ந்து ஒரு வலைப்போர்வை உண்டு. அவ்வலை ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் கவசமாகவும் உதவுகின்றது என்பதை லோசான் குழுவினர் 2013இல் எலிகளிற் கண்டறிந்தனர்.

அழற்சி இவ்விடத்திலேயே வந்து சேர்கின்றது. அழல் என்னும் சொல்லடியாகப் பிறந்த இச்சொல், காயமோ கிருமியோ உற்றவிடத்து உடல் மூட்டும் காவற்றீயைக் குறிக்கும். மூளையிலும் அத்தகைய தீயை மூட்டும் காவற்கலங்கள் உள. ஒட்சியேற்றம் மிகும்போது ஒரு நொதியம் கிளர்ந்தெழுந்து, கலத்தின் மேலுள்ள ஒரு வாங்கியைத் துணிக்கின்றது. அதனாற் காவற்கலங்கள் தூண்டப்பட்டு அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அவ்வழற்சி மீண்டும் ஒட்சியேற்றத்தைப் பெருக்குகின்றது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இத்தீய வட்டத்தை 2020இல் இக்குழுவினர் விளக்கினர். எலிகளில் அந்நொதியத்தைத் தடுத்தபோது வட்டம் அறுந்தது.

இவ்வாராய்ச்சியிற் காலத்துக்கு உள்ள இடம் பெரிது. குளுட்டாதயோன் குறைந்த எலிகளுக்குப் பால்குடிப் பருவத்திலோ பூப்புப் பருவத்திலோ மேலும் ஒட்சியேற்ற நெருக்கடி நேர்ந்தால் பார்வல்புமின் கலங்கள் குன்றின. வளர்ந்தபின் நேர்ந்தாற் குன்றவில்லை. பிறந்த சில நாள்களிலேயே மூளையின் ஒரு பகுதி ஊறுபடுத்தப்பட்ட எலிகளுக்கு, வளரும் பருவத்தில் அசெற்றைல் சிஸ்ரெயின் என்னும் மருந்து ஊட்டப்பட்டது. உடலிற் குளுட்டாதயோனை ஆக்க உதவும் இம்மருந்து, சளியை இளக்கவும் பரசிற்றமோல் நஞ்சை முறிக்கவும் நெடுங்காலம் வழங்கிவருவது. அதனை உண்ட எலிகள் வளர்ந்தபோது, தோன்றியிருக்கவேண்டிய குறைகள் தோன்றவில்லை என 2014இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று.

எலியிற் கண்டது மனிதனுக்கும் பொருந்துமோ? 2008இல் அவுஸ்திரேலிய அறிஞர் மைக்கல் பேர்க்கும் லோசான் அறிஞரும் கூடி 140 நோயாளரிடத்து நடாத்திய பரிசோதனையில், வழக்கமான மருந்துகளோடு இதனை 24 வாரங்கள் பெற்றவர்களிடத்து ஊக்கக்குறைவு முதலிய குறிகள் ஓரளவு தணிந்தன. நோய் தொடங்கி அணித்தாயிருந்த 63 பேரிடத்து லோசான் குழுவினர் நடாத்தி 2018இல் வெளியிட்ட பரிசோதனையில், மூளையிற் குளுட்டாதயோன் 23 சதவீதம் உயர்ந்தது. சிந்தனையின் விரைவு திருந்தியது. எனினும் முதன்மையாக எதிர்பார்க்கப்பட்ட குறிகள் தணியவில்லை. தொடக்கத்திலேயே குருதியில் ஒட்சியேற்றத்தின் அடையாளம் மிகுந்திருந்தோர்க்கு மட்டும் வேறு சில குறிகளில் நன்மை தெரிந்தது. நாட்பட்ட, வேறு மருந்துக்கு இணங்காத நோயாளரிடத்து நடாத்திய மற்றொரு பரிசோதனை, 2022இல், குறிப்பிடத்தக்க பயனில்லை என முடிந்தது.

இம்முடிவுகளை வெற்றியென்றோ தோல்வியென்றோ ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது. உளப்பிளவை என்னும் ஒரே பெயரின்கீழ்ப் பல உடல்நிலைகள் அடங்கியுள்ளன. காவற்பொருள் குறைந்தவனுக்கு அதனை நிறைத்தல் பயன்தரலாம். குறையாதவனுக்கு அதுவே வீண். வளரும் பருவத்தில் உதவுவது, கேடு முற்றியபின் உதவாது போகலாம். ஆதலின், கடையில் இம்மருந்தை வாங்கி உண்டு வைத்தியர் தந்ததைக் கைவிடுதல் பேதைமையாகும். மேற்கூறிய பரிசோதனைகளில் இது வழக்கமான மருந்துகளுக்குத் துணையாகவே கொடுக்கப்பட்டது.

நோயாளியின் நிலையையும் நோயின் நிலையையும் காலத்தையும் எண்ணி மருத்துவஞ் செய்யவேண்டும் என்பது வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த நெறி. உளநோயைப் பொறுத்தமட்டில் இம்மூன்றையும் அளந்தறியும் கருவிகள் இப்பொழுதுதான் ஒவ்வொன்றாகக் கைக்கு வருகின்றன. கிம் டோ அம்மையாரின் ஆராய்ச்சியினால் வந்த பேறு இதுவே. படிப்பில் திடீரெனப் பின்தங்கி, நண்பரை விட்டொதுங்கி, தனக்குள்ளே ஒடுங்கும் மாணவனைச் சோம்பேறியென்று கடிவதோ பேய்பிடித்தவனென்று ஒதுக்குவதோ எளிது. அவன் மூளையினுள்ளே ஓர் அழல் கனன்றுகொண்டிருக்கவுங் கூடும் என்று எண்ணி, காலந்தாழ்த்தாது வைத்தியரிடஞ் சேர்ப்பிப்பதே ஆசிரியரும் பெற்றோரும் நண்பரும் செய்யத்தக்க உதவியாகும்.