கணுக்காலில் தெரியும் நிறம்

காலில் நீல நிறமாக நெளிந்து தெரிவதை நம் வீடுகளில் "நரம்பு புடைச்சிருக்கு" என்பார்கள். உயிரியல் படிக்கும் எங்களுக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் இடிக்கும். அது நரம்பு அல்ல, நாளம். காலிலிருந்து இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொண்டு செல்லும் குழாய். ஏறிய குருதி மீண்டும் கீழே இறங்காதிருக்க அதனுள் சிறு வால்வுகள் உள்ளன. இவற்றின் வேலையை வில்லியம் ஹாவி 1628இல் வெளியிட்ட தமது நூலில், கையில் துணியைக் கட்டி விரலால் நாளத்தை அழுத்திப் பார்க்கும் எளிய சோதனையால் விளக்கினார்.

நாம் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. இரசம். நடந்தால் கெண்டைக்கால் தசை குருதியை மேலே பிழிந்து தள்ளும். அழுத்தம் வெகுவாக இறங்கிவிடும். வால்வு பழுதானவருக்கோ நடந்தாலும் அது போதிய அளவு இறங்குவதில்லை. சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பலருக்கு நாளப்புடைப்பு கால் உளைச்சலோடு நின்றுவிடும். சிலருக்குத்தான் புண்வரை போகிறது. வயது கூடியவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள், முன்பு ஆழ்நாளத்தில் குருதி உறைந்தவர்கள், கணுக்கால் மூட்டு விறைத்து நடை குறைந்தவர்கள் ஆகியோருக்கு அந்த ஆபத்து அதிகம். நாள் முழுக்க நின்று வேலை செய்வதும் பல பிரசவங்களும் புடைப்பைக் கூட்டும்.

ஆனால் புண் திடீரென்று வருவதில்லை. முதலில் உட்புறக் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கபில நிறமாகும். நாளத்திலிருந்து கசிந்த செங்குழியங்கள் சிதைந்து விட்டுச்சென்ற இரும்பின் கறை அது. பிறகு அரிப்பு, தோல் தடித்து இறுகுதல். இந்தக் கட்டத்திலேயே வைத்தியரைக் காண வேண்டும். நம் உம்மாமாரோ காலை யாருக்கும் காட்டுவதில்லை. "கால் உளையுது" என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிடுவார்கள். வுழூச் செய்யும்போது தினமும் கழுவும் இடம்தான் அது, நின்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

குருதி உறைதல் வேறு விதம். நீண்ட பயணம், பிரசவத்துக்குப் பிந்திய வாரங்கள், சத்திரசிகிச்சைக்குப் பின் படுக்கையில் கிடப்பது, சில ஹோர்மோன் மாத்திரைகள் ஆகியவை இதற்கு வழி செய்யும். புடைத்த நாளம் கயிறுபோல் இறுகிச் சிவந்து வலித்தால் காட்டவேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கணுக்கால் பக்கம் தோல் மெலிந்து, நீலக் கொப்புளம்போல் நாளம் தெரிபவர்களுக்குச் சிறு கீறலிலும் குருதி பீறிடலாம். குருதி உறையாதிருக்க மருந்து எடுக்கும் முதியவர், அதிலும் தனியே இருப்பவர், கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். அப்போது கதிரையில் உட்கார வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. நிலத்தில் படுக்கவைத்து, காலை இதயத்தைவிட உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்துங்கள். மேலே கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம்.

அழுத்தக் காலுறை நல்லது என்று கேட்டுக் கடையில் வாங்கி அணிபவர்களும் உண்டு. நீரிழிவு உள்ளவருக்கும் புகைப்பவருக்கும் கால் நாடிகளும் ஒடுங்கியிருக்கக் கூடும். அப்படிப்பட்ட காலை இறுக்கினால் பாதத்துக்குப் போகும் கொஞ்சக் குருதியும் தடைப்படும். எனவே வைத்தியர் நாடியைச் சோதித்த பிறகே அதை அணியலாம்.