டோட்டல் கவுண்ட் நார்மல்தானே, டாக்டர்?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை நேரம். அப்பாவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, ரத்த ரிப்போர்ட்டை நீட்டிய மகன் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது.

மொத்த வெள்ளணுக்கள் 5,000. இயல்பான அளவு 4,000 முதல் 11,000 வரை, ஆகவே நார்மல்தான். ஆனால் கீழே லிம்போசைட் 12 சதவீதம் என்றிருந்தது. கணக்குப் போட்டால் வெறும் 600! பெரியவர்களுக்கு இது 1,000-க்குக் குறையக் கூடாது. வைரஸோடு மல்லுக்கட்டும் அணுக்கள் இவைதானே? கொரோனா கடுமையாகும்போது இவை குறையும், நியூட்ரோஃபில் ஏறும். சாதாரண ஃப்ளூ ஜுரத்திலும் லிம்போசைட் இறங்கும். பெரும்பாலும் சில நாளில் தானே ஏறிவிடும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நிம்மதியாகப் படுத்துவிடவும் வேண்டாம்.

இன்னொன்று டி-டைமர். ரத்தம் உறைந்து, அந்த உறைவு கரையும்போது உண்டாகிற பொருள் இது. மிகவும் ஏறினால் நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். உடனே, 'ரத்தம் இளகட்டும்' என்று வீட்டில் கிடக்கும் ஆஸ்பிரினை விழுங்கிவிடாதீர்கள்! வயிற்றில் ரத்தக்கசிவு வந்துவிடும் ஆபத்து உண்டு.

கபசுரக் குடிநீர் குடிக்கச் சொல்பவன்தான் நான். ஆனால் நாடி பிடித்து லிம்போசைட்டை எண்ண முடியாதே!

ஆட்டோவுக்கே போய்ப் பெரியவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். 91. "எனக்கு மூச்செல்லாம் வாங்கலையேப்பா" என்றார் அவர். கஷாயப் பேச்சையே எடுக்கவில்லை. 108-க்குப் போன் போட்டேன்.