தீராத கழுத்து வலி: காலர் பட்டையா, ரப்பர் பேண்டா? ஆய்வுகள் சொல்வது என்ன?

பகல் முழுக்க லேப்டாப், ராத்திரி மொபைல். கழுத்து பிடிச்சுக்கிட்டா முதலில் தைலம், அப்புறம் மாத்திரை, அதுவும் கேட்கலைன்னா மெடிக்கல் ஷாப்பில் ஒரு காலர் பட்டை. ஐ.டி. ஊழியர்கள் பலர் போகும் ரூட் இதுதான். ஆனால் 3 மாதங்களைத் தாண்டிய நாள்பட்ட வலியில், கழுத்தை அசைக்காமலே வைத்திருந்தால் தசைகள் இன்னும் பலவீனமாகும்.

எக்ஸ்ரேயில் 'தேய்மானம்' என்று பார்த்ததுமே பலர் பயந்து கழுத்தைத் திருப்புவதையே குறைத்துக்கொள்கிறார்கள். வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் அந்தத் தேய்மானம் சகஜம் என்பதை யாராவது சொன்னால் நல்லது.

பின்லாந்தில் 180 பெண்கள்

2003-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான பின்லாந்து ஆய்வில், நாள்பட்ட கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலக ஊழியர்கள் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு, தலையில் மாட்டிய ரப்பர் பேண்டை எதிர்த்துத் தள்ளி கழுத்துக்கு வலுவேற்றியது. இன்னொரு குழு படுத்தபடி தலையைத் தூக்கி இறக்கியது. மூன்றாவது குழுவுக்கு ஸ்ட்ரெச்சிங்கும் ஏரோபிக் பயிற்சியும் மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், முதல் இரண்டு குழுக்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்திருந்தது. மூன்றாவது குழுவில் அந்த அளவுக்கு இல்லை.

சீட்டில் உட்கார்ந்தபடியே கழுத்தை இப்படி அப்படி வளைத்து நெட்டி முறிப்பது இதமாக இருக்கலாம். நாள்பட்ட வலிக்கு அது மட்டும் போதாது.

ரெண்டே நிமிஷம்

"அதுக்கெல்லாம் டைம் ஏது?" என்பவர்களுக்கு டென்மார்க்கில் பதில் இருக்கிறது. அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 பேரிடம் நடந்த இந்த ஆய்வு 2011-ல் 'பெயின்' இதழில் வெளியானது. ரப்பர் ட்யூபை இரு கைகளாலும் பிடித்து, பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு குழுவுக்குத் தினமும் 2 நிமிடம், இன்னொரு குழுவுக்கு 12 நிமிடம். வாரம் 5 நாள், மொத்தம் 10 வாரம். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் இரு குழுக்களுக்குமே வலி குறைந்தது. 12 நிமிடக்காரர்களுக்குப் பலன் கொஞ்சம்தான் அதிகம். ஒரு விஷயம்: அந்த 2 நிமிடமும் சும்மா கையை ஆட்டுவது இல்லை, கை ஓய்ந்துபோகும் வரை தூக்குவது.

கழுத்து வலிக்குத் தோளுக்கு ஏன் பயிற்சி? மண்டையின் பின்புறம் தொடங்கி தோள்பட்டை, நடுமுதுகு வரை விரியும் 'ட்ரபீசியஸ்' தசைதான் காரணம். நாள் முழுக்க டைப் செய்யும்போது அதிகம் இறுகுவது அதுதான்.

ஆரம்பத்தில் தசை வலி இருக்கலாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்பதால், நாலே நாளில் 'வேலைக்காகல' என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

யாருக்கு இது கூடாது?

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலுடன் வலி, விபத்துக்குப் பிந்தைய வலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ரப்பர் பேண்டைத் தொடும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களும் முதல் சில நாட்கள் பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பழகுவது நல்லது.